கலங்கிய ஏரியில் முதல் டைவ்: புதிதாகச் சான்றிதழ் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள்

அந்தமானிலோ மாலத்தீவிலோ விடுமுறையில் ஸ்கூபா கற்றுக்கொண்டு, அட்டையும் கையுமாக இங்கிலாந்து திரும்புகிறவர்கள் அடுத்துக் கேட்பது, "இங்கே எங்கே டைவ் பண்ணலாம்?" என்பதுதான். கடல் தூரம். பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரி. பச்சையாக, சில்லென்று, கலங்கிக் கிடக்கும். அதில் இறங்கும் முன் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆரம்பநிலைச் சான்றிதழ் வைத்திருப்பவருக்காக எழுதியது. அனுபவசாலிகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

என் அட்டையில் 18 மீட்டர் ஆழம் வரை என்று இருக்கிறது. குவாரியிலும் 18 மீட்டர் போகலாம்தானே?

விதிப்படி தடை இல்லை. ஆனால் பயிற்சி தரும் அமைப்புகள் எல்லாமே இன்னொன்றையும் சொல்கின்றன: நீங்கள் பயிற்சி பெற்ற சூழலைப் போன்ற சூழலில் டைவ் செய்யத்தான் இந்தத் தகுதி. 28 டிகிரி வெந்நீரில், 20 மீட்டருக்கு அப்பால் நீந்தும் ஆமையும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கற்றவருக்கு, 8 டிகிரியில், கை நீட்டினால் விரல் நுனி மங்கும் தண்ணீர் வேறு உலகம். அதனால் முதல் சில டைவ்களுக்கு 18 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். 6 முதல் 10 மீட்டர் போதும். உடன் வருபவர் அந்த இடத்தை நன்றாக அறிந்தவராக இருக்கட்டும். இரண்டு புதியவர்கள் மட்டும் சேர்ந்து, இருவருக்குமே பழக்கமில்லாத கலங்கல் நீரில் இறங்குவதை நான் எப்போதுமே தடுக்கத்தான் பார்ப்பேன்.

இங்கிலாந்தில் எங்கே ஆரம்பிப்பது?

லெஸ்டர்ஷரில் ஸ்டோனி ஸ்டான்டன் கிராமத்தை ஒட்டி ஸ்டோனி கோவ் இருக்கிறது. கிரானைட் வெட்டிய குவாரி. 1958-இல் வேலை முடிந்து, நீர் இறைப்பதை நிறுத்தியதும் ஊற்று நீர் தானாக ஏறி நிரம்பிவிட்டது. பிற்காலத்தில் வடகடல் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்க்கப் போன தொழில்முறை டைவர்களுக்கும் இங்கே பயிற்சி நடந்திருக்கிறது.

புதியவருக்கு இது ஏற்ற இடம் என்று சொல்வதற்குக் காரணம், குவாரியின் அமைப்பு. கல் வெட்டிய அடுக்குகள் அப்படியே படிப்படியாக நிற்கின்றன: சுமார் 6 மீட்டரில் ஒரு தளம், 20 மீட்டரை ஒட்டி இன்னொன்று, கடைசியில் 36 மீட்டர் வரை ஒரு குழி. முதல் தளத்திலேயே பார்க்கப் பொருட்கள் கிடக்கின்றன. வைக்கவுண்ட் விமானத்தின் முன்பகுதி அவற்றில் ஒன்று. 1910-இல் கட்டிய ஸ்டேனிகார்த் என்ற இழுவைப் படகை 2000-ஆம் ஆண்டில் இங்கே மூழ்கடித்து வைத்தார்கள். எல்லோரும் அதைப் பார்க்கத்தான் துடிப்பார்கள். ஆனால் அது கிடப்பது ஏறக்குறைய 20 மீட்டரில். 18 மீட்டர் அட்டைக்காரருக்கு அது அடுத்த பயிற்சிக்குப் பிறகுதான்.

வடக்கே லங்காஷரில் கேபர்ன்ரே, தென்மேற்கே சாமர்செட்டில் வாப்ஸ்டர் கீ என்று வேறு குவாரிகளும் இருக்கின்றன. எங்கே போனாலும், கரையில் மீட்பு ஏற்பாடு, ஆக்சிஜன், காற்று நிரப்பும் வசதி, பெயர் பதியும் ஆள் எல்லாம் உள்ள இடமாகப் பார்த்துப் போங்கள். சாலையோர ஏரி ஒன்று அழகாக இருக்கிறது என்று காரை நிறுத்தி இறங்குவது இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

எவ்வளவு கலங்கலாக இருக்கும்? எப்போது போனால் கொஞ்சம் தெளிவாக இருக்கும்?

நல்ல நாளில் 8, 10 மீட்டர் தூரம் தெரியும். மோசமான நாளில் அரிசி களைந்த தண்ணீருக்குள் தலையை விட்டதுபோல் இருக்கும். காலில் மாட்டியிருக்கும் உங்கள் துடுப்பே உங்களுக்குத் தெரியாது.

கலங்கலுக்குக் காரணம் இரண்டு. ஒன்று பாசி. வசந்தத்தில் வெயில் ஏறும்போது மேல்மட்ட நீரில் நுண்பாசி பெருகி, தண்ணீர் பச்சையாகிவிடும். சில சமயம் அந்தப் பச்சைப் படலத்தைத் தாண்டிக் கீழே போனால் திடீரென்று தெளிவாகவும், கூடவே இருட்டாகவும் இருக்கும். இரண்டாவது காரணம் நாம்தான். அடித்தளத்தில் படிந்திருக்கும் வண்டல் மிக மெல்லியது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு நான்கு பயிற்சி வகுப்புகள் 6 மீட்டர் தளத்தில் முழங்காலிட்டு மாஸ்க் கழற்றிப் பயிற்சி செய்தால் மதியம் வரை அங்கே ஒன்றும் தெரியாது. எனவே வார நாள், அதுவும் காலையில் முதல் ஆளாக இறங்குவது நல்லது. குளிர்காலத்தில் பாசி அடங்கித் தண்ணீர் தெளிந்திருக்கும், ஆனால் அந்தக் குளிரைத் தாங்க வேண்டும்.

ஒன்றுமே தெரியாத தண்ணீரில் பயம் வராதா?

வரும். யாருக்கும் வரும். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தெளிந்த கடலில் கண் உங்களுக்கு மூன்று வேலை பார்க்கிறது: மேல் எது கீழ் எது என்று சொல்கிறது, நீங்கள் இறங்குகிறீர்களா ஏறுகிறீர்களா என்று சொல்கிறது, உங்களோடு டைவ் செய்யும் ஜோடி எங்கே என்று சொல்கிறது. கலங்கல் நீரில் மூன்றும் ஒரேயடியாகப் போய்விடும். நாற்புறமும் ஒரே பச்சை. நின்ற இடத்தில் மிதப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்; மணிக்கட்டில் கட்டிய டைவ் கணினியைப் பார்த்தால் 4 மீட்டர் கூடுதலாக இறங்கியிருப்பீர்கள். சிலருக்குத் தலை சுற்றும். அப்போது மூச்சு வேகமாகும். வேகமாக, மேலோட்டமாக மூச்சு விட்டால் உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும். அது தேங்கத் தேங்கக் காற்றே வரவில்லை என்று தோன்றும். சிலிண்டரில் 150 பார் (காற்றழுத்த அளவு; முழு சிலிண்டர் சுமார் 200) இருந்தாலும் "காற்று போதவில்லை, மேலே போயே ஆகணும்" என்று உடல் கத்தும். விபத்து இங்கேதான் தொடங்குகிறது. தண்ணீர் கலங்கியிருப்பதால் யாரும் சாவதில்லை. பதறி, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதால் நுரையீரல் கிழிகிறது.

அப்போது என்ன செய்வது? முதலில், எதையாவது பிடியுங்கள். அதற்காகத்தான் முதல் டைவ்களில் கயிற்றை ஒட்டியே இறங்கச் சொல்வது. மிதவையிலிருந்து அடிவரை கட்டியிருக்கும் கயிற்றைக் கைவிரல் வளையத்துக்குள் தளர்வாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் காதை அடைப்பெடுத்து மெதுவாக இறங்குங்கள். கயிறு இருந்தால் மேல் கீழ் குழப்பம் வராது. கயிறு இல்லாத இடத்தில் கணினியின் ஆழ எண்தான் உங்கள் கண். தலை சுற்றினால் வெட்டவெளியைப் பார்க்காதீர்கள். மணிக்கட்டில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், அல்லது மாஸ்க்கைத் தாண்டி மேலே போகும் உங்கள் குமிழிகளைப் பாருங்கள். பிறகு மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். நான்கைந்து மூச்சில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்கவில்லையா? கட்டைவிரலை மேலே காட்டுங்கள், இருவரும் மெதுவாக ஏறுங்கள். இறங்கி மூன்று நிமிடம்கூட ஆகாமல் ஏறினாலும் பரவாயில்லை. யாரும் காரணம் கேட்கக் கூடாது, சொல்லவும் வேண்டியதில்லை. காரை ஓட்டி இரண்டு மணி நேரம் வந்தோமே, நுழைவுக் கட்டணம் கொடுத்தோமே என்று கணக்குப் பார்த்து உள்ளேயே இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஜோடி கண்ணில் படாமல் போய்விட்டால்?

ஒரு நிமிடம் தேடுங்கள். நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி, டார்ச்சை வீசி, மேலேயும் கீழேயும் பாருங்கள்; மேலேறும் குமிழிகள் காட்டிக்கொடுக்கும். கிடைக்காவிட்டால் வழக்கமான வேகத்தில் மேலே போய் நீர்மட்டத்தில் சந்தியுங்கள். அவரும் அதையேதான் செய்ய வேண்டும். அதனால் இதை இறங்கும் முன்பே இருவரும் வாய்விட்டுப் பேசிவைக்க வேண்டும். "தெரிஞ்சதுதானே" என்று விட்டுவிட்டால் ஒருவர் மேலே காத்திருக்க, மற்றவர் கீழே பத்து நிமிடம் தேடிக்கொண்டிருப்பார். மேலே காத்திருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தொலையாமல் இருப்பதற்கு எளிய வழி, நெருங்கி நீந்துவது. கலங்கல் நீரில் முன்னும் பின்னுமாகப் போகாதீர்கள். பின்னால் வருபவருக்கு முன்னவர் கிளப்பிய சேறு மட்டும்தான் தெரியும். தோளோடு தோள், எப்போதும் ஒரே பக்கம். 2 மீட்டருக்கும் குறைவாகத் தெரிந்தால் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அல்லது இருவரும் ஒரு குட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம். பிரிட்டனில் இதை யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

பகல் டைவுக்கு டார்ச் எதற்கு?

பார்ப்பதைவிடப் பேசுவதற்கு. வெளிச்சத்தை ஜோடியின் முன்னால் வட்டமாகச் சுற்றினால் "சரி", இடவலமாக வேகமாக ஆட்டினால் "உடனே கவனி". அகலமாகப் பரவும் வெளிச்சம் கலங்கலில் பயன்படாது. துகள்கள் எல்லாம் ஒளியைத் திருப்பி அடித்து முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். குறுகலான கற்றை உள்ளது வாங்குங்கள். கண்ணுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். முகத்தில் அடிக்காதீர்கள்.

கடலில் மிதக்காமல் இறங்க 6 கிலோ ஈயம் கட்டினேன். இங்கே எவ்வளவு?

இரண்டு கணக்கு எதிரெதிர்த் திசையில் ஓடுவதால்தான் இதில் எல்லோரும் குழம்புகிறார்கள்.

கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. உடம்பும் கருவிகளுமாக நீங்கள் 100 கிலோ என்றால், அதே உடை, அதே சிலிண்டருடன் நன்னீரில் சுமார் இரண்டரை கிலோ ஈயம் குறைவாகப் போதும். ஆனால் நீங்கள் அதே உடையில் இறங்கப் போவதில்லை. மாலத்தீவில் போட்டது 3 மில்லிமீட்டர் உடை. இங்கே 7 மில்லிமீட்டர், தலைக்குத் தொப்பி, கையுறை, அல்லது தண்ணீர் உள்ளே புகாத உலர் உடை. தடித்த உடை மிதக்கும். அதைக் கீழே இறக்கக் குறைந்த இரண்டரை கிலோவையும் திருப்பிக் கட்டி, அதற்கு மேலும் சில கிலோ சேர்க்க வேண்டியிருக்கும்.

எனவே பழைய எண்ணை வைத்துக் கணக்குப் போடாமல், கரையோரத்தில் சோதித்துப் பாருங்கள். டைவ் முடிந்து சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டையில்) காற்றில்லாமல், சாதாரணமாக மூச்சுப் பிடித்தால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். முழு சிலிண்டரோடு சோதித்தால் ஏமாந்துபோவீர்கள்: 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்று கிட்டத்தட்ட 3 கிலோ எடை. முடிவில் அதில் 2 கிலோவுக்கு மேல் போயிருக்கும், ஏறும் வழியில் பாதுகாப்புக்காக நிற்கும் 5 மீட்டர் நிறுத்தத்தில் நிற்க முடியாமல் மேலே மிதப்பீர்கள்.

அதற்காக ஈயத்தை அள்ளிக் கட்டுவதும் தப்பு. எடை கூடியவர் கால் தாழ்ந்து, சரிவாக நீந்துவார். ஒவ்வொரு உதையும் வண்டலில் விழும். தளத்திலிருந்து ஒரு மீட்டர் மேலே, உடம்பு கிடையாக, முழங்கால் மடக்கி, தவளை நீந்துவதுபோல் பின்பக்கமாகத் தள்ளிப் பழகுங்கள். ஒருமுறை துடுப்பு தரையில் பட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்: பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் அவசரமே இல்லாமல் எழும், முழங்காலை மூடும், பிறகு அழுத்தமானியை மூடும், அப்புறம் மாஸ்க்குக்கு முன்னால் எதுவும் இருக்காது. அது அடங்கும்வரை காத்திருக்காதீர்கள். கொஞ்சம் மேலேறினாலே வெளியே வந்துவிடலாம்.

குளிர் எவ்வளவு இருக்கும்?

கோடையில் மேலே 18 டிகிரி இருக்கும்போதே, கீழே ஒற்றை இலக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை மிகக் கூர்மையானது. அதைக் கடக்கும்போது நெற்றியில் சுரீரென்று உறைக்கும். நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால் குளிர்காலத்தில் அந்த 4 டிகிரி நீர் அடியில் போய்த் தங்கும்.

7 மில்லிமீட்டர் உடையில் கோடையில் சமாளிக்கலாம். ஆண்டு முழுக்கப் போக நினைத்தால் உலர் உடைதான். ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி தேவை: காற்று காலுக்குப் போய்த் தலைகீழாக மேலே இழுத்துக்கொண்டு போகக்கூடிய உடை அது. கடன் வாங்கி மாட்டிக்கொண்டு நேரே இறங்காதீர்கள். விரல் மரத்துப்போய்ப் பொத்தானை அழுத்த முடியவில்லை என்றாலோ, நடுங்க ஆரம்பித்தாலோ டைவ் முடிந்தது என்று அர்த்தம்.

ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) உறைந்துபோகும் என்கிறார்களே?

உண்மைதான். அழுத்தத்தில் இருந்த காற்று விரியும்போது குளிரும். சுற்றியுள்ள நீரும் சில்லென்று இருந்தால் உள்ளே பனி பிடித்து, வால்வு திறந்தபடியே நின்றுவிடும். காற்று நிற்காது, கொட்டோ கொட்டென்று கொட்டும். சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. ஐரோப்பியத் தரச் சோதனையில் குளிர்நீருக்குத் தேறாத ரெகுலேட்டரின் மேல் 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்று குறித்திருப்பார்கள். விடுமுறைக்கென்று மலிவாக வாங்கியதில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீருக்கு வெளியே குளிர்காற்றில் அதில் மூச்சு விட்டுப் பார்க்காதீர்கள். பிசிடியில் காற்றைச் சிறிது சிறிதாக விடுங்கள். நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தாலும் உறையும்.

ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

12 லிட்டர், 200 பார் என்றால் 2400 லிட்டர். 50 பாரை, அதாவது 600 லிட்டரை, கையிருப்பாக விட்டால் மீதி 1800. நிமிடத்துக்கு 20 லிட்டர் செலவழிப்பவருக்கு 10 மீட்டரில் இரட்டிப்பாக 40 லிட்டர். கணக்குப்படி 45 நிமிடம். ஆனால் குளிரும் பதற்றமும் சேர்ந்தால் அந்த 20 சுலபமாக 30 ஆகும், நேரம் அரை மணியாகும். மாலத்தீவில் ஒரு மணி நேரம் இருந்தேன் என்ற நினைப்பில் திட்டமிடாதீர்கள்.

திசை எப்படித் தெரியும்?

குவாரிச் சுவர்தான் முதல் நண்பன். போகும்போது சுவர் வலக்கைப் பக்கம், ஆழம் 7 மீட்டர். திரும்பும்போது சுவர் இடக்கைப் பக்கம், அதே ஆழம். இதற்கு மேல் முதல் நாளில் வேண்டாம். திசைகாட்டியைப் பழகுங்கள், ஆனால் பழகுவதைக் கரையில் புல்வெளியில் தொடங்குங்கள். கத்தி தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதைக் கட்டாதீர்கள். ஈயம் ஒன்றும் செய்யாது, கத்தி முள்ளை இழுக்கும்.

தூண்டில் நரம்பு, கயிறு, இதெல்லாம் சிக்காதா?

மீன் பிடிக்கும் ஏரிகளில் சிக்கும். நைலான் நரம்பு கண்ணுக்கே தெரியாது. பின்னால் சிலிண்டர் வால்வில் மாட்டும்போதுதான் தெரியும். சிக்கியது தெரிந்ததும் நில்லுங்கள். சுற்றித் திரும்பினால் இன்னும் சுற்றிக்கொள்ளும். ஒரு கையால் எடுக்கக்கூடிய இடத்தில் சின்ன வெட்டுக்கருவி ஒன்று போதும். காலில் கட்டும் பெரிய கத்தி படத்துக்குத்தான் அழகு.

உள்ளே என்ன பிராணிகள்?

கடிக்கிற மாதிரி ஒன்றுமில்லை. பெர்ச் மீன்கள் கூட்டமாக வந்து நீங்கள் கிளப்பிய சேற்றில் இரை தேடும். பைக் மீன் அசையாமல் நிற்கும். அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய நன்னீர் இறால் வகை ஒன்று கல்லிடுக்கில் கொடுக்கைத் தூக்கிக் காட்டும். குழம்புக்கு ஆகுமே என்று பிடிக்காதீர்கள், உரிமம் வேண்டும்.

நோய்த் தொற்று?

எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நன்னீரில் உண்டு. ஆறாத காயத்தோடு இறங்காதீர்கள். டைவ் முடிந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் மருத்துவரிடம் ஏரியில் இறங்கியதைச் சொல்லுங்கள். சொன்னால்தான் அந்தக் கோணத்தில் யோசிப்பார். கோடையில் கரையோரம் பெயின்ட் கொட்டியதுபோல் நீலப்பச்சைப் பாசி ஒதுங்கியிருந்தால் அன்று இறங்க வேண்டாம்.

சுவிட்சர்லாந்தில் இருக்கிறேன். இங்குள்ள ஏரிகளுக்கும் இதே கணக்கா?

ஒன்று கூடுதலாக உண்டு: உயரம். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் உள்ள நீரில் மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் சாதாரண அட்டவணை பொருந்தாது. சூரிச் ஏரியே 406 மீட்டர், தூன் ஏரி 558 மீட்டர். உங்கள் கணினி உயரத்தைத் தானாக எடுத்துக்கொள்கிறதா, நாம் மாற்ற வேண்டுமா என்று கையேட்டைப் பாருங்கள். இன்னொன்று, அங்கே பல ஏரிகளில் கரையிலிருந்து சில அடி தள்ளியே சுவர் செங்குத்தாக இறங்கும். குவாரியைப் போல் 6 மீட்டரில் தாங்கிக்கொள்ளத் தளம் இருக்காது.

ஊருக்குப் போகும்போது நம் ஏரியிலோ அணையிலோ இறங்கிப் பார்க்கலாமா?

வேண்டாம். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். நான் பயப்படுவது மதகுக்கு. ஒரு பக்கம் 10 மீட்டர் தண்ணீர், மறுபக்கம் வெறும் காற்று என்றால், அந்தத் திறப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ விசை. ஒரு சாண் அகலத் துளையைக் கையோ முதுகோ அடைத்துக்கொண்டால் சில நூறு கிலோ இழுக்கும். எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் ஆளை எடுக்க முடியாது. கலங்கல் நீரில் அந்தத் துளை கண்ணுக்கும் தெரியாது, அருகில் போகும்வரை இழுப்பும் தெரியாது. தொழில்முறை டைவர்களே மதகை அடைத்துப் பூட்டிய பிறகுதான் பக்கத்தில் போவார்கள். ஊரில் டைவ் செய்ய ஆசை என்றால் புதுச்சேரிக் கடலுக்குப் போங்கள்.

ஞாயிறு டைவ் முடித்துவிட்டு அன்றிரவே சென்னைக்கு விமானம் ஏறலாமா?

கூடாது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் விட வேண்டும். டைவைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு ஏரியில் நனைந்த கருவிகளோடு மறுநாள் வேறு ஏரிக்குப் போகலாமா?

பிரிட்டனில் "பார், கழுவு, உலர்த்து" என்று ஒரு வழக்கம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அயல் சிப்பிகளின் குஞ்சுகளும் களைச்செடித் துணுக்குகளும் ஈர உடையில் ஒட்டிக்கொண்டு ஏரி விட்டு ஏரி போய்விடும். காலணிக்குள், பிசிடியின் பைகளுக்குள், துடுப்பு வாரில் ஒட்டியிருப்பதை அங்கேயே தட்டிவிட்டு, வீட்டில் வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். பிசிடியின் உள்ளே இருக்கும் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். பெரும்பாலும் மறந்துபோவது அதுதான். இங்கிலாந்துக் குளிரில் 7 மில்லிமீட்டர் உடை ஒரே இரவில் காயாது. அதனால் அடுத்தடுத்த நாள் டைவ் என்றால் அதே ஏரிக்கே போங்கள், இல்லையென்றால் இரண்டாவது இடத்தில் உடையை வாடகைக்கு எடுங்கள்.